பதினைந்து அடி உயரத்தில்

அமிர்திக்கு மேலே, ஜீப் மூச்சு வாங்கி நின்ற இடத்திலிருந்து
மூன்று மணி நேர நடை.
திருட்டுப்போன சந்தன மரங்களின்
அடிக்கட்டைகளை எண்ண வந்தோம், நால்வர்.
வனக்காவலர் என்று சட்டையில் இருப்பது
என் பெயருக்குக் கீழே மட்டும்.

சமைத்த இடம் வேறு, படுக்கிற இடம் வேறு.
நடுவில் நூறு தப்படி.
பயிற்சியில் எழுதிவைத்த நோட்டைப் பிரித்துப் படித்தேன்:
கரடி மரம் ஏறும்.
ஆகவே மூட்டையைத் தாங்கும்,
கரடியைத் தாங்காத கிளையாகப் பார்.
பதினைந்து அடி உயரம்.

வெக்காலி மரத்தில் அப்படி ஒரு கிளை இருந்தது.
வேடியப்பன் கல்லைக் கட்டிக் கயிற்றை வீசினார்,
மூன்றாவது வீச்சில் விழுந்தது.

"மணப்பது எல்லாம் மூட்டைக்குள்" என்றேன்.
"அரிசி மணக்காது" என்றான் தேசிங்கு.
"உனக்கு."

கருவாடு, வெல்லம், பெருங்காய டப்பி,
பற்பசை, இருமல் மருந்து,
மேல்விஷாரத்து இம்தியாஸின் விரல்நீள அத்தர்.
கழுவிய சட்டியும் மணக்கும், அதையும் போடு.
தேசிங்கின் படுக்கைச் சுருளை உதறினேன்:
ஆற்காட்டு மக்கன்பேடா நான்கு,
பாகு ஊறிய காகிதத்தோடு.
சர்க்கரைக்கு மாத்திரை தின்கிறவன்.
பெண்டாட்டியிடம் மறைத்ததைக்
கரடியிடம் மறைக்க முடியாது, அப்பா, கொடு.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு என் சின்னக் கூடாரத்துக்குள் போய்
ஜிப்பை இழுத்துவிட்டு
சட்டையைக் கழற்றினேன்.
முன்பக்கம் இரண்டு ஈர வட்டம்.
கணியம்பாடியில் பத்து மாதப் பிள்ளை,
மூன்று நாள்.
பால் கட்டாமலிருக்க மல்லிகைப்பூ வைத்துக் கட்டு என்று
பக்கத்து வீட்டு ரெஜினா முழமாய்க் கொடுத்திருந்தாள்.
அதுவும் மணக்கிறதே.
பூவையும் சட்டையையும் சுருட்டிக்கொண்டுபோய்
யாரும் கேட்காத வேகத்தில் மூட்டையில் திணித்தேன்.
மார்பைக் கழற்றி வைக்க
நோட்டில் வழி எழுதியிருக்கவில்லை.
அடுப்புச் சாம்பலை எடுத்துப் பூசிக்கொண்டேன்.
சாம்பல் நனைந்தது.

இரண்டு மணிக்கு மேல்
புற்றுப் பக்கம் அந்தச் சத்தம்,
ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பை
யாரோ விடாமல் அடிப்பது போல.
ஊதுகிறது, உறிஞ்சுகிறது, கறையானைத் தின்கிறது.
நல்லது, தின்னட்டும், வயிறு நிறையட்டும்.
பிறகு நின்றது.
நிற்பதுதான் மோசம்.

கூடாரத் துணி உள்ளே வந்து வெளியே போனது.
அந்தப் பக்கம் ஒரு மூக்கு.
டார்ச் கையில் இருந்தது. விரல்தான் இல்லை.
அப்போது அந்த மூக்குக்கும் மேலே, உயரத்தில்,
ஒரு முனகல்.
தூக்கத்தில் உதடு கூட்டும் பிள்ளையின் முனகல்.
என் மார்புக்கு ஆள் அடையாளம் தெரியாது.
சுரந்துவிட்டது.
விலாவில் வழிந்து பாய் வரை.
துணிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அது,
இருவரும் எதையோ முகர்ந்துகொண்டு.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
சருகு நொறுங்கும் ஓசை பள்ளத்தில் இறங்கியபோது
இம்தியாஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் புழுதியில் தடம்,
மனிதக் கால் போல, நகம் மட்டும் நீளம்.
கூடாரத்தைச் சுற்றி ஒன்றரைச் சுற்று.
சின்னத் தடம் ஒன்றுகூட இல்லை.
"குட்டி கூடத்தானே வந்தது?" என்றேன்.
"முதுகுல குந்திக்கினு வரும்" என்றார் வேடியப்பன்,
"தரையில காலே வெக்காது.
ஆமா, குட்டி இருந்தது உனக்கு எப்டித் தெரியும்?"

மூட்டையை இறக்கினோம்.
முடிச்சு போட்டபடி இருந்தது.
எறும்பு மட்டும் கயிறு வழியாகப் போய்
மக்கன்பேடாவை முடித்திருந்தது.
தேசிங்கு காகிதத்தை நக்கப் பார்த்தான், பிடுங்கினேன்.

பதிவேட்டில் எழுத வேண்டும்:
விலங்கு, நேரம், திசை.
கரடி, பெண், குட்டியுடன். இரண்டு நாற்பது. தென்கிழக்கு.
கடைசிக் கட்டத்தில் உணவுப்பொருள் இழப்பு என்று இருந்தது.
பேனாவை அங்கே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
இல்லை என்று எழுதினேன்.

சட்டை காய்ந்து விறைத்திருந்தது.
மேலே கருவாட்டு வாடை.